சாப்பாட்டு மேஜையில் சொன்னது

ஆகஸ்ட் 5, திங்கள்

செண்பகா காலை ஏழேகால் பஸ்ஸுக்குக் கோவில்பட்டி போய்விட்டாள். அவள் அம்மாவுக்கு மூட்டுவலியாம். பத்து நாள் இருந்துவிட்டு வருவாளாம். பத்து நாளைக்குப் போகிற மருமகள் தன் சான்றிதழ் ஃபைலை எடுத்துப் பெட்டியின் அடியில் வைக்கமாட்டாள். நான் அதைப் பார்த்தேன். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

"போயிட்டு வாரேன் அத்தை" என்றாள்.

"வா" என்றேன். வேறு என்ன சொல்வது?

நாயகம் ஆட்டோ வரைக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். திரும்பி வந்து செருப்போடு கூடத்தில் உட்கார்ந்தான். கழற்று என்றேன். கழற்றினான். நாற்பத்துமூன்று வயது. பாலிடெக்னிக்கில் அறுபது பையன்களை அதட்டி உட்கார வைக்கிறவன். பெண்டாட்டி பெட்டியோடு போகிறாள், ஏன் என்று கேட்க என் மகனுக்கு வாய் இல்லை.

கல்யாணமாகி ஆறு வருடம். பிள்ளை இல்லை. மூன்று பெண் டாக்டர்களிடம் செண்பகாவை நானே கூட்டிக்கொண்டு போனேன். ரத்தம், ஸ்கேன், எல்லாம் எடுத்தார்கள். மூன்று பேரும் அவளிடம் ஒரு குறையும் இல்லை என்றார்கள். அந்த மூன்று பேரிடமும் எனக்கு நம்பிக்கை இல்லை.

மாடித் தொட்டி கழுவ வருகிறேன் என்ற ஆள் வரவில்லை. நார்த்தங்காயில் உப்பு தூக்கல்.

ஆகஸ்ட் 8, வியாழன்

கோவில்பட்டிக்குப் போன் செய்தேன். சம்பந்தியம்மாள் எடுத்தாள். மூட்டுவலி எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, "எனக்கா?" என்றாள். பொய் சொல்வதற்கும் ஒரு ஒழுங்கு வேண்டும். வீட்டில் எல்லோரும் ஒரே பொய்யைச் சொல்ல வேண்டும்.

செண்பகா போனை வாங்கினாள். எப்போது வருகிறாய் என்றேன்.

"அத்தை, மூணு டாக்டர்ட்ட என்னைக் கூட்டிட்டுப் போனீங்க. ஒரு தடவையாவது உங்க மகனைக் கூட்டிட்டுப் போனீங்களா?"

"அவனுக்கு என்ன?"

"அதை நான் சொல்லக் கூடாது. அவங்கதான் சொல்லணும். நாலு வருஷமா, டாக்டரைப் பாப்போம் வாங்கன்னு கெஞ்சிட்டேன்" என்றாள்.

எங்கள் குடும்பத்து ஆண்களுக்கு அப்படிப்பட்ட குறை எதுவும் இருந்ததில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். கூடத்தை இரண்டு தடவை பெருக்கினேன். கோபத்தில்தான்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

பேச்சியை வைத்து மெத்தைகளை வெயிலில் போட்டேன். பன்னிரண்டு வருடமாக இங்கே வேலை செய்கிறாள். நாயகத்தின் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து, "அம்மா, இது புளியா?" என்றாள்.

புளி இல்லை. கறுப்பாக, நெய் மிதந்துகொண்டு, கிராம்பு வாசனையோடு லேகியம். கூடவே சாம்பல் நிறப் பொடி மடித்த பொட்டலங்கள். ஒரு அட்டை. 'பரம்பரை வைத்தியர். மூன்று தலைமுறை அனுபவம். பிரதி மாதம் 6, 21 தேதிகளில் ஜங்ஷன் லாட்ஜில், அறை எண் 14.' எந்த நோய்க்கு என்று அச்சிடவில்லை. அச்சிட வேண்டியதில்லை.

எனக்கு இந்த டப்பாவைத் தெரியும். முப்பத்தாறு வருடம் தபால் அலுவலகத்தில் இருந்தவள், கடைசிப் பதினைந்து வருடம் போஸ்ட்மாஸ்டர். வாரத்துக்கு மூன்று டப்பாவாவது வரும். பழுப்புக் காகிதம், சணல் கட்டு, பணம் கட்டி எடுக்க வேண்டிய வி.பி.பி. பார்சல். எடுக்க வருகிற ஆண்கள் தபால்காரரை வீட்டுப் பக்கம் வரவிடமாட்டார்கள். கவுன்டரில் கூட்டம் குறையும் வரைக்கும் சுவரில் ஒட்டியிருக்கும் தபால் கட்டணப் பட்டியலைப் படித்துக்கொண்டு நிற்பார்கள். ஊரில் யார் யார் என்று எனக்கு மனப்பாடம்.

ஒருவர் பெயரைக்கூட வெளியில் சொன்னதில்லை. பணியில் சேரும்போது உறுதிமொழி எடுத்தவள் நான். வீட்டில் சாப்பாட்டு மேஜையில் சொன்னது வெளியில் சொன்னது ஆகாது.

அனுப்புநர் விலாசம் இல்லாத எதையும் நான் கையில் வாங்கியதில்லை. அந்த டப்பா இப்போது என் வீட்டில் இருக்கிறது.

ஆகஸ்ட் 12, திங்கள்

இரவுச் சாப்பாட்டுக்கு நாயகம் உட்கார்ந்ததும் டப்பாவைச் சாம்பார்ச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"இதுல என்ன எழுதியிருக்குன்னு படி."

பார்த்தான். மூடியைத் திருப்பிப் பார்த்தான். "ஒண்ணும் எழுதலம்மா."

"அதத்தான் நானும் சொல்லுதேன். படிச்சவன்தானே நீ? என்ன சேந்திருக்கு, யார் செஞ்சது, எவ்வளவு சாப்பிடணும், ஒண்ணும் இல்ல. இத வாயில போட்டியா?"

எழுந்து போய்க் கை கழுவினான். தட்டில் சோறு பாதி இருந்தது. வீண். தட்டை அப்படியே மூடி வைத்தேன். காலையிலும் தொடவில்லை.

ஆகஸ்ட் 14, புதன்

நாயகம் பேசவில்லை. நானும் பேசவில்லை. துவரம்பருப்பு தீர்ந்துவிட்டது.

ஆகஸ்ட் 17, சனி

பேச்சி பாத்திரம் துலக்கிக்கொண்டே, "அம்மா, ஒண்ணு சொல்லட்டா? வையக் கூடாது" என்றாள்.

"துலக்கிக்கிட்டே சொல்லு."

"எங்க வீட்டு ஆளுக்கும் இப்படித்தான் ஆச்சு, நாலு வருசத்துக்கு மின்ன. சர்க்கரை வந்தா அப்படித்தானாம். நான் சொன்னேன், வேய், காலு புண்ணுக்கு ஆஸ்பத்திரிக்குப் போறீரு, கண்ணுக்குப் போறீரு, இதுக்கு மட்டும் என்னவே வெக்கம், நடயும்னு பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போனேன்."

"நீயுமா போன?"

"பின்ன? விட்டா டீக்கடையில இருந்துட்டு, டாக்டர் இல்லன்னு வந்து சொல்லுவாவ. ரெண்டு மணி நேரம் வரிசை. அம்புட்டு ஆம்பளையளும் சுவத்தப் பாத்துக்கிட்டு நிக்காவ, பள்ளிக்கூடத்துல வெளிய நிப்பாட்டுன மாரி. நான் ஒருத்திதான் பொம்பள. தங்கையா டாக்டர் என்னையப் பாத்து, வீட்டம்மாளும் வந்தா பாதி வேலை முடிஞ்சுதுன்னாவ."

"சரியாப் போச்சா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

பேச்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அதையும் சொல்லணுமாக்கும்!"

பால் சட்டியில் சோப்பு போகவில்லை, இன்னொரு தடவை கழுவு என்றேன்.

கான்வென்டில் சிஸ்டர்கள் எனக்கு நேரான கையெழுத்தும், நேரான தையலும், நேரான முதுகும் கற்றுத் தந்தார்கள். உடம்பின் உறுப்புகளுக்குப் பெயர் கழுத்து வரைக்கும் சொல்லித் தந்தார்கள். அதற்குக் கீழே முழங்கால்தான். பேச்சி பள்ளிக்கூடமே போகாதவள். அவளுக்கு எல்லாவற்றுக்கும் பெயர் தெரிந்திருக்கிறது.

அதற்காக வேலைக்காரி போன டாக்டரிடம் என் மகனை அனுப்ப முடியாது.

ஆகஸ்ட் 21, புதன்

ஜங்ஷன் லாட்ஜுக்குப் போனேன்.

அறை 14 மாடியில். வராந்தா முழுக்கப் பிளாஸ்டிக் நாற்காலிகள், பதினெட்டு ஆண்கள். நான் எண்ணினேன். ஐந்து பேர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கிழவியைப் பார்த்ததும் பதினெட்டுத் தலையும் குனிந்தன. நான் வரிசையில் நிற்கவில்லை. நேரே உள்ளே போனேன்.

பட்டுச் சட்டை, இரண்டு கையிலும் மோதிரம். பின்னால் டிவியில் அவரே பேசிக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னாலும் அவரே பேசிக்கொண்டிருந்தார்.

"வாங்கம்மா. ஐயாவுக்கா?"

"ஐயா போயி பதினோரு வருஷம் ஆச்சு. என் மகன் உங்ககிட்ட வந்திருக்கான். உங்க பதிவு எண் என்ன?"

"மூணு தலைமுறைம்மா. தாத்தா ஜமீனுக்கே..."

"தாத்தாவக் கேக்கல. உங்க எண்ணைக் கேக்கேன்."

சிரித்தார். லேகியத்தில் என்ன சேர்ந்திருக்கிறது என்று கேட்டேன். குருவின் ரகசியம் என்றார். அந்தச் சாம்பல் பொடி? பஸ்பம், தங்கமும் இன்னும் சிலதும் என்றார். இன்னும் சிலது என்றால்? அதுவும் ரகசியம். என் மகனுக்குச் சர்க்கரை இருக்கிறதா, ரத்தக்கொதிப்பு இருக்கிறதா, வேறு மாத்திரை சாப்பிடுகிறானா என்று கேட்டீர்களா என்றேன்.

"நாடியப் பிடிச்சா எல்லாம் சொல்லிரும்மா. கேக்க வேண்டியதே இல்ல."

கையை நீட்டினேன். "அப்ப என் நாடியப் பாருங்க."

கண்ணை மூடிக்கொண்டு இரண்டு நிமிடம் பிடித்தார். "அம்மாவுக்கு வாயு இருக்கு. கொஞ்சம் பித்தம். ஆனா இருதயம் இருக்கே, இருபது வயசுப் பொண்ணு இருதயம்."

எழுந்து வராந்தாவுக்கு வந்து நின்று, கிளை அலுவலகங்களை ஆய்வு செய்கிறபோது பேசுகிற குரலில் சொன்னேன்: "எல்லாரும் கேளுங்க. என் இருதயம் நாலு வருஷமா பேட்டரியில ஓடுது. நெஞ்சுக்குள்ள மிஷின் வச்சிருக்கு. இவருக்கு அது தெரியல."

யாரோ ஹெல்மெட்டுக்குள் சிரித்தார்கள்.

சித்த மருத்துவத்தின் மேல் எனக்குக் குறை இல்லை. இந்த ஊரிலேயே அதற்குக் கல்லூரி இருக்கிறது. படித்துப் பட்டம் வாங்கி, பெயர்ப்பலகை மாட்டி, கேள்விக்குப் பதில் சொல்கிற டாக்டர்கள் இருக்கிறார்கள். மாதத்தில் இரண்டு நாள் லாட்ஜில் தங்கிவிட்டு மூன்றாம் நாள் காணாமல் போகிறவனைத்தான் சொல்கிறேன்.

படி இறங்கும்போது ஹெல்மெட் போட்ட ஒருவர் பின்னாலேயே வந்தார். "அம்மா, அப்ப எங்கதான் போக?"

என்னிடம் பதில் இல்லை. அது எனக்குப் பழக்கமில்லை. வீடு வந்து சேரும் வரைக்கும் எரிந்துகொண்டே வந்தேன்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

முடிவு செய்துவிட்டேன். கிளைத் தபால் அலுவலகங்களைச் சொல்லாமல் போய் ஆய்வு செய்வது போல டாக்டர்களையும் பார்ப்பது. தேறுகிறவரிடம் நாயகத்தை அனுப்புவது.

முதல் இடம், பெரிய விளம்பரப் பலகை வைத்த கிளினிக். வரவேற்பில் இருந்த பெண் இருபது பேருக்கு நடுவில், "அந்தப் பிரச்சினைக்கா மேடம்? யாருக்கு?" என்று கூவினாள். கோழிக் கடையில்கூட இதைவிட மெதுவாகக் கேட்பார்கள்.

டாக்டர் என்னை உட்காரச் சொல்வதற்கு முன்பே எழுத ஆரம்பித்துவிட்டார். மகனுக்கு என்றேன். வயது கேட்டார். மாத்திரை எழுதி நீட்டினார்.

"அவனைப் பாக்கவே இல்லையே?"

"இதுல பாக்க என்னம்மா இருக்கு? போட்டா சரியாப் போயிரும்."

சீட்டை அவர் மேஜையிலேயே நான்காகக் கிழித்து வைத்துவிட்டு வந்தேன். நெஞ்சுவலி மாத்திரை எதுவும் சாப்பிடுகிறானா என்றுகூட அவர் கேட்கவில்லை. என் இருதய டாக்டரின் அறையில் அதைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள், இரண்டும் சேர்ந்தால் உயிருக்கு ஆபத்து என்று. கிழவி எனக்கே தெரிகிறது.

ஆகஸ்ட் 26, திங்கள்

இரண்டாவது இடம், கண்ணாடிக் கட்டடம், வாசலில் நீரூற்று. டாக்டரையே பார்க்க முடியவில்லை. கோட் போட்ட ஒரு பெண், 'கோல்டு பேக்கேஜ்' என்று ஒரு மடிப்புத்தாளை விரித்தாள். ஆறு ஊசி, ஆறு தடவை மிஷின் சிகிச்சை. முதலில் என்ன நோய் என்று கண்டுபிடிக்கமாட்டீர்களா என்றேன். "அது பிளாட்டினத்துல வரும் மேடம்" என்றாள்.

மூன்றாவது டாக்டர் நல்லவர்போல இருந்தார். ஆனால் நான் கேட்காமலே, போன வாரம் தன்னிடம் வந்த ஒரு பிரபல நகைக்கடைக்காரரைப் பற்றிச் சொல்லிச் சிரித்தார். பெயர் சொல்லவில்லை. கடை இருக்கும் தெருவைச் சொன்னார்.

அவரோடு சேர்ந்து நானும் சிரித்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போதுதான் வாய் கசந்தது.

ஆகஸ்ட் 28, புதன்

பகல் பன்னிரண்டரைக்கு நாயகத்தை அவனோடு வேலை பார்க்கிற அருணாசலம் காரில் கூட்டிக்கொண்டு வந்தார். ஒர்க் ஷாப்பில் மயங்கி விழுந்திருக்கிறான். வழியில் ஒரு ஆஸ்பத்திரியில் பார்த்திருக்கிறார்கள். ரத்த அழுத்தம் இறங்கிவிட்டதாம். ஒரு பாட்டில் சலைன் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். லேத் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது விழுந்தானாம். அதன் பக்கம் விழவில்லை. அந்தப் பக்கம் விழுந்திருந்தால் என்று அருணாசலம் ஆரம்பித்தார். காபி கொடுத்து அனுப்பிவைத்தேன்.

சட்டைப் பையில் மாத்திரை அட்டை. மெடிக்கல் கடையில் சும்மா கேட்டு வாங்கியிருக்கிறான். டப்பாவை நான் பிடுங்கி வைத்த பிறகு, நான் போன அதே 21ஆம் தேதி லாட்ஜுக்குப் போய் இன்னொன்றும் வாங்கியிருக்கிறான். இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டிருக்கிறான்.

கத்தினேன். ஏன்டா ஒரு ஒழுங்கான டாக்டரிடம் போகவில்லை, ஏன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, நான் உன்னைக் கடித்தா தின்றுவிடுவேன் என்று கத்தினேன்.

படுத்தபடியே சொன்னான்: "நீங்க சிரிப்பீங்கம்மா."

"நான் எப்படா சிரிச்சேன்?"

"எனக்கு ஒம்போது வயசு. எங்க கணக்கு சாருக்கு அந்தப் பார்சல் வந்துச்சுன்னு சாப்புடும்போது சொன்னீங்க. கூட்டம் போகட்டும்னு ஒரு மணி நேரம் நின்னாராம், நீங்க வேணும்னே கவுன்டர மூடிட்டு டீ குடிக்கப் போனீங்களாம். சொல்லிச் சொல்லிச் சிரிச்சீங்க. மறுநாள் என்னால அவர் மூஞ்சியப் பாக்க முடியல. நான் கணக்கு தெரியாமத்தான் முழிக்கேன்னு அடிச்சாரு."

போர்வையை இழுத்து அவன் காலை மூடினேன்.

"அப்பா எந்திரிச்சுக் கை கழுவப் போயிட்டாங்க. தட்டுல பாதிச் சோறு இருந்துச்சு. நீங்க அதுக்கும் வஞ்சீங்க, வீணாக்குறாங்கன்னு."

எனக்கு அப்படி எதுவும் ஞாபகம் இல்லை.

ஆகஸ்ட் 29, வியாழன்

ஞாபகம் இருக்கிறது.

செப்டம்பர் 1, ஞாயிறு

பரணிலிருந்து அவருடைய தகரப் பெட்டியைப் பேச்சியை விட்டு இறக்கினேன். பொதுப்பணித் துறையில் ஓவர்சியர், பெயர் சங்கரலிங்கம், என் கணவர். திங்கள் முதல் வெள்ளி வரை மணிமுத்தாறு முகாம், சனி ஞாயிறு வீடு. அப்படியே முப்பது வருடம். முகாமுக்கு எடுத்துப்போகிற பெட்டி இது. அவர் இறந்து பதினோரு வருடமாக நான் திறக்கவில்லை. அதற்குள் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

ஒரு பெண்ணின் கடிதங்கள் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

இருந்தது ரசீதுகள். வி.பி.பி. பார்சல் ரசீதுகள், வருடவாரியாகக் கட்டி, நூல் போட்டு முடிந்து. விலாசம்: பொதுப்பணித் துறை முகாம், மணிமுத்தாறு. என் தபால் அலுவலகத்துக்கு ஒன்றுகூட வரவில்லை. வராமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். என் கவுன்டருக்கு வந்து நின்றவர்களை அவருக்கு ஒவ்வொருவராகத் தெரியும். நான்தான் சொன்னேனே.

தேதி முத்திரைகளை மற்றவர்கள் படிப்பதைவிட நான் வேகமாகப் படிப்பேன். முதலாவது 1983 மார்ச். கடைசி 2009. இருபத்தாறு வருடம்.

1983இல் நாயகத்துக்கு இரண்டு வயது. அந்தப் பங்குனியில்தான் அவர் தன் கட்டிலை வடக்கு அறைக்கு மாற்றினார். குறட்டை விடுகிறேன், உனக்குத் தூக்கம் கெடும் என்றார். அவர் குறட்டை விட்டதே இல்லை. எனக்கு முப்பத்திரண்டு வயது. ஏன் என்று கேட்கவில்லை. கேட்பது என் மதிப்புக்குக் குறைவு என்று இருந்துவிட்டேன்.

மணிமுத்தாற்றில் ஒருத்தி இருக்கிறாள் என்று முடிவு செய்துகொண்டேன். அவளுக்கு ஒரு பெயர்கூட வைத்திருந்தேன். முப்பது வருடம் அவளைத் திட்டினேன். அவர் வெள்ளிக்கிழமை வந்ததும் சட்டைகளை முகர்ந்து பார்ப்பேன். சில சட்டைகளில் கிராம்பு வாசனை இருக்கும். அது அவள் வாசனை என்று நினைத்தேன்.

பாவி மனுஷா. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

செப்டம்பர் 2, திங்கள்

இதையும் எழுதிவிடுகிறேன். 2013இல் அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப் போயின. ஆஸ்பத்திரியில் டாக்டர் அவரைப் பார்த்து, "நாட்டு மருந்து, பஸ்பம், லேகியம் எதுவும் சாப்பிட்டீங்களா? ரொம்ப நாளா?" என்று கேட்டார்.

அவர் வாய் திறப்பதற்குள் நான் சொன்னேன்: "எங்க வீட்டுல அந்தப் பழக்கமெல்லாம் கிடையாது டாக்டர்."

அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். டாக்டர் எழுதிக்கொண்டார்.

அதுதான் காரணம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல நான் விடவில்லை.

செப்டம்பர் 4, புதன்

பேச்சியிடம் தங்கையா டாக்டர் மாலையில் எங்கே பார்க்கிறார் என்று கேட்டேன். சமாதானபுரத்தில் என்றாள். ஏன் என்று கேட்கவில்லை. அவளுக்கும் நாகரிகம் உண்டு.

சின்ன இடம். பலகையில் பெயர், படிப்பு, பதிவு எண், சிறுநீரகவியல் மருத்துவர் என்பது, அவ்வளவுதான். யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. எண் எழுதிய அட்டை தருகிறார்கள். வந்திருப்பவர்களில் கல்லடைப்புக்காரர் யார், மற்றவர் யார் என்று தெரியாது. அதைக் கவனித்துக்கொண்டேன்.

டாக்டருக்கு ஐம்பது வயதிருக்கும். நான் தயாரித்து வைத்திருந்த கேள்விகளை ஆரம்பித்தேன். பேனாவை மூடி வைத்தார்.

"உங்க மகன் வந்திருக்காராம்மா?"

"இல்லை."

"அப்ப நாம பேச ஒண்ணும் இல்லையே."

"நான் அவனைப் பெத்தவ."

"தெரியுது."

"மூணு டாக்டரைப் பாத்துட்டு வாரேன். எல்லாரும் என்கிட்ட பேசினாங்க."

"அதான் நாலாவதா இங்க வந்திருக்கீங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. எழுந்திருக்க வேண்டியவள், எழுந்திருக்கவில்லை. ஒரு பரீட்சை வைத்தேன். "எங்க வீட்டுல வேலை செய்ற பேச்சியோட வீட்டுக்காரர் உங்ககிட்ட வந்தாரே. நாலு வருஷம் இருக்கும். பொண்டாட்டிதான் இழுத்துக்கிட்டு வந்தா. அவருக்குச் சரியாயிட்டதா?"

அவருக்கு ஞாபகம் இருந்தது. கண்ணில் தெரிந்தது.

"அப்படி யாரும் எனக்கு ஞாபகம் இல்லம்மா" என்றார்.

நல்ல பொய். இருபது பேர் கட்டணப் பட்டியலைப் படித்துக்கொண்டு நின்றார்களே, அவர்களுக்காக நான் ஒருநாளும் சொல்லாத பொய்.

"உங்க மகன் வரட்டும். அவர் சம்சாரமும் வர விருப்பப்பட்டா வரட்டும். சர்க்கரை, பிரஷர், இருதயம் எல்லாம் பாக்கணும். சில பேருக்கு இருதயக் கோளாறுக்கு இதுதான் முதல் அறிகுறி. அத விட்டுட்டு மாத்திரை மட்டும் குடுத்தா நான் டாக்டரே இல்ல. நீங்க உள்ள இருக்கணுமா வேண்டாமான்னு அவர் சொல்லட்டும். இல்லன்னா வெளிய பெஞ்சுல நல்ல காத்து வரும்."

வீடு வரும்வரை கோபம் தீரவில்லை. யார் மேல் என்பது மட்டும் மாறிக்கொண்டே இருந்தது.

டாக்டர் பெயரையும் நேரத்தையும் ஒரு சீட்டில் எழுதி நாயகத்தின் அறைக் கதவுக்கு அடியில் தள்ளினேன். வேறு ஒன்றும் எழுதவில்லை.

செப்டம்பர் 5, வியாழன்

செண்பகாவுக்குக் கடிதம். நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். கடைசியில் அனுப்பியது இது:

'மூன்று டாக்டர்களும் உன்னிடம் குறை இல்லை என்றார்கள். அதை நான் உன் அம்மாவிடம் சொல்லவில்லை. என் தங்கையிடம் சொல்லவில்லை. விசாரித்த யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். நாயகத்துக்குத் திங்கள் மாலை ஐந்து மணிக்கு டாக்டர். நீ வந்தால் நல்லது. வராவிட்டாலும் உன் மேல் எனக்குக் கோபம் இல்லை.'

பதிவுத் தபால், ஒப்புகை அட்டையோடு. கவுன்டரில் இருக்கிற பிள்ளை முத்திரையைக் கோணலாகக் குத்தினாள். சொன்னேன். மறுபடி குத்தினாள்.

செப்டம்பர் 7, சனி

ஒப்புகை அட்டை இன்னும் வரவில்லை. நாயகம் அந்தச் சீட்டைச் சட்டைப் பையில் வைத்திருக்கிறான். துவைக்கப் போடும்போது எடுத்து அடுத்த சட்டையில் வைக்கிறான். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

செப்டம்பர் 9, திங்கள்

நாலே முக்காலுக்கு நாயகம் கூடத்துக்கு வந்து, "நீங்களும் வாரீங்களாம்மா?" என்றான். தலையை வாரிக்கொள்ளாமல் கிளம்பினேன். என் வாழ்க்கையில் முதல் தடவை.

சமாதானபுரத்தில் பெஞ்சின் கடைசியில் செண்பகா உட்கார்ந்திருந்தாள். பஸ்ஸிலிருந்து நேரே வந்திருக்கிறாள், காலடியில் பெட்டி. பெரிய பெட்டி. நாயகம் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். அவள் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அவன் வாங்கிக் குடித்தான்.

எங்கள் எண் பதினொன்று. மூன்று பேரும் உள்ளே போனோம். நான் கதவருகிலேயே நின்றேன். டாக்டர் என்னை முன்னே பின்னே தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. எத்தனை நாளாக, தூக்கம் எப்படி, புகை, குடி, வீட்டில் யாருக்குச் சர்க்கரை என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வந்தார். பிறகு அதைக் கேட்டார்.

"நாட்டு மருந்து, பஸ்பம், லேகியம் எதுவும் எடுத்திருக்கீங்களா?"

நாயகம் என்னைத் திரும்பிப் பார்த்தான். பதினோரு வருடத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றவன் அவன். இல்லை என்று சொல்ல என் வாய் திறந்துவிட்டது.

கைப்பையிலிருந்து இரண்டு டப்பாக்களையும் பொட்டலங்களையும் எடுத்து மேஜையில் வைத்தேன். அதற்குப் பக்கத்தில் நூல் கட்டிய ரசீதுகளை வைத்தேன்.

"இவன் அப்பாவும் சாப்பிட்டாங்க டாக்டர். இருபத்தாறு வருஷம். கிட்னி போய்த்தான் இறந்தாங்க. அப்ப டாக்டர் கேட்டாரு. இல்லன்னு நான் சொன்னேன்."

செண்பகாவின் கை நாயகத்தின் கைமேல் இருந்தது.

"இதுதான் நான் சொல்ல வேண்டியது. மிச்சத்த அவன் சொல்லுவான்" என்றேன். வெளியே வந்து கதவைச் சாத்தினேன். அது சரியாக மூடவில்லை. திரும்பவும் இழுத்துச் சாத்தினேன்.

பெஞ்சில் ஒருவர் ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருந்தார், கையில் எண் அட்டை. கழுத்தில் வேர்வை ஓடிக்கொண்டிருந்தது. லாட்ஜில் பார்த்தவரா என்று எனக்குத் தெரியாது. ஹெல்மெட்டுக்குள் எல்லோரும் ஒரே மாதிரிதான்.

"அதக் கழத்துங்க. காத்து வருது" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். நான் தெருவைப் பார்த்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்துக் கிளிப் கழலுகிற சத்தம் கேட்டது. நான் திரும்பவில்லை.

முக்கால் மணி நேரம் கழித்து இருவரும் வந்தார்கள். ஆட்டோவில் நாயகம் தானாகச் சொன்னது இவ்வளவுதான்: சர்க்கரை இருநூற்று எண்பது, இதுவரை தெரியாது. நாளைக்கு வெறும் வயிற்றில் ரத்தம், அப்படியே சிறுநீரகத்துக்கும் பார்க்கிறார்கள். வெள்ளிக்கிழமை இருதயப் பரிசோதனை. டப்பாக்களை டாக்டர் வைத்துக்கொண்டார். மற்றதை நான் கேட்கவில்லை. கேட்கத்தான் வாய் வந்தது.

இரவுக்குச் சோறு, புளியில்லாக் கறி, அப்பளம். செண்பகா பரிமாறினாள். மேஜையில் யாரைப் பற்றியும் நான் ஒன்றும் சொல்லவில்லை. நாயகம் தட்டில் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து, கை கழுவப் போனான்.